நிமிரப்போவது யாருடைய முதுகு?

வீடு பெருக்குவது நம் ஊரில் குனிந்து செய்யும் வேலை. துடைப்பத்தின் நீளம் அப்படி, பழக்கமும் அப்படி. விடியலில் வாசல் தெளிப்பதில் தொடங்கி, கூடம், அறைகள், அடுப்படி, தோட்டத்துப் பக்கம் என்று ஒரு வீட்டைக் கூட்டி முடிப்பதற்குள் இடுப்பு எத்தனை முறை வளைகிறது என்பது அந்த வேலையைச் செய்பவருக்கு மட்டுமே தெரியும். இப்போது வட்டமான ஒரு கருவி அந்த வேலையை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டு வீடுகளுக்குள் வருகிறது. பெருநகரங்களில் பழகிப்போன இந்த ரோபோ வேக்குவம் கிளீனர், வெளியூரில் வேலைபார்க்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கி அனுப்பும் பொருளாகச் சிறு நகரங்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது.

கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களை முன்வைத்து இதைப் பார்க்க வேண்டிய தேவை இருக்கிறது. இந்தக் கருவியைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் கம்பளம் விரித்த வீட்டையோ, ஒரே மட்டத்தில் டைல்ஸ் பதித்த அடுக்குமாடிக் குடியிருப்பையோ மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. கடற்கரை மணலும், கொள்ளிடக் கரையின் களிமண்ணும், வடகிழக்குப் பருவமழையும், உயர்ந்த நிலைப்படியும் உள்ள வீடுகளில் இது என்ன செய்யும்? யாருடைய வேலையைக் குறைக்கும்? பதிலுக்கு எதைக் கேட்கும்? இந்த மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்தக் கருவியின் பயனைத் தீர்மானிப்பது அதன் உறிஞ்சும் திறன் மட்டும் இல்லை. அதைச் சுற்றியுள்ள சிறு வேலைகளை வீட்டில் யார் ஏற்கிறார்கள் என்பதும் அதே அளவுக்குத் தீர்மானிக்கிறது.

கருவி வந்த வழி

தூசியை உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்துக்கு இங்கிலாந்தின் ஹ்யூபர்ட் செசில் பூத் 1901-ல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் அதை வீடு வீடாகக் கொண்டுவந்து செய்துகாட்டி விற்றது 1982-ல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ். ஆனாலும் சாதாரண வேக்குவம் கிளீனர் நம் வீடுகளில் அன்றாடப் பொருளாக வேரூன்றவில்லை. கம்பளம் இல்லாத தரைக்குத் துடைப்பமே போதுமானதாக இருந்தது. கனமான இயந்திரத்தைப் பரணிலிருந்து இறக்கி, குழாயைப் பூட்டி, பிளக்கைத் தேடிச் செருகுவதற்குள் பெருக்கியே முடித்துவிடலாம். வாங்கிய பல வீடுகளில் அது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமே வெளியே வந்தது.

தானே நகரும் வகையை ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் 2001-ல் ‘டிரைலோபைட்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஐரோபாட் நிறுவனம் ‘ரூம்பா’வை வெளியிட்டது. தொடக்ககால ரூம்பாவுக்கு வீட்டின் வரைபடம் தெரியாது. முட்டும், திரும்பும், சுவரோரமாகப் போகும்; தற்செயலாக எல்லா இடத்தையும் தொட்டுவிடும் என்பதே அதன் கணக்கு. இன்றைய கருவிகளில் பல தலையில் சுழலும் லேசர் மூலமோ கேமரா மூலமோ அறையை அளந்து, வரைபடம் போட்டு, தான் நிற்கும் இடத்தையும் கணித்துக்கொண்டு நேர்க்கோடுகளில் கூட்டுகின்றன. அடியிலுள்ள அகச்சிவப்பு உணரிகள் தரை எங்கே முடிகிறது என்று பார்க்கின்றன. மின்கலம் தீரும்போது சார்ஜ் ஏற்றும் தளத்துக்குத் தானே திரும்பிவிடுகின்றன. இந்தியச் சந்தையில் 15,000 ரூபாய் அளவில் தொடங்கி, தண்ணீர்த் தொட்டியும் மாப்புத் துணியைத் தானே அலசும் தளமும் சேர்ந்தவை ஒரு லட்சத்தை நெருங்குகின்றன.

நம் வீட்டின் அமைப்பு

சிதம்பரத்தில் தேரோடும் நான்கு வீதிகளையும் ஒட்டிய தெருக்களில் இன்னும் நிற்கும் பழைய வீடுகளை எடுத்துக்கொள்வோம். திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்னால் அடுப்படி என்ற அமைப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் தரை மட்டம் சற்று மாறும். ஒவ்வொரு கதவின் கீழும் மரத்தாலோ கல்லாலோ ஒரு படி இருக்கும். பெரும்பாலான ரோபோக்கள் ஏறக்கூடிய உயரம் சுமார் 2 சென்டிமீட்டர். பழைய நிலைப்படி அதைவிட மிக உயரம். ஆகவே அந்த வீட்டில் ரோபோ ஓர் அறையோடு நின்றுபோகும். இன்னோர் அறைக்கு வேண்டுமென்றால் யாராவது குனிந்து தூக்கிவைக்க வேண்டும்.

முற்றம் வேறு ஒரு சிக்கல். விளிம்பைக் கண்டு பின்வாங்கும் உணரிகள் இருந்தாலும், அவற்றின் கண்ணாடியில் புழுதி படிந்தாலோ முற்றத்து வெயில் நேராக அடித்தாலோ கணிப்பு தவறலாம். சிவப்பு ஆக்சைடு தரையும் அதைச் சுற்றிய கறுப்பு ஓரமும் நம் பழைய வீடுகளின் அழகு. அந்தக் கறுப்புப் பட்டை அகச்சிவப்பு ஒளியைப் போதுமான அளவு திருப்பி அனுப்பாததால், சில கருவிகள் அதைப் பள்ளம் என்று எண்ணித் தாண்ட மறுக்கின்றன. பீரோவில் தரைவரை பதித்த கண்ணாடி லேசரைக் குழப்பி, இல்லாத அறையை வரைபடத்தில் சேர்த்துவிடும்.

கடலூரின் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரிலோ கடந்த சில பத்தாண்டுகளில் கட்டிய வீடுகளின் நிலை வேறு. ஒரே மட்டத்தில் டைல்ஸ் அல்லது கிரானைட், தாழ்ந்த வாசற்படிகள், கால் உயர்த்திய கட்டில்கள். ரோபோவின் உயரம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். அதற்குமேல் இடைவெளியுள்ள கட்டில், சோபா ஆகியவற்றுக்கு அடியில் அது புகுந்து வரும். முழங்கால் தேய்ந்தவர்கள் துடைப்பத்தை நீட்டமுடியாமல் விட்டுவைத்த இடம் அதுதான். இந்தக் கருவி இத்தகைய வீடுகளுக்குச் செய்யும் மிகப் பெரிய நன்மையும் அதுவே.

தரையைச் சுற்றித்தான் நம் வீட்டு வாழ்க்கை நடக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. பாய் விரித்துப் படுக்கிறோம். முறத்தில் அரிசி புடைக்கிறோம், வடகம் காயவைக்கிறோம், தரையில் உட்கார்ந்து பூத் தொடுக்கிறோம். தொடுத்த பூவின் வாழைநாரும் உதிர்ந்த நீள முடியும் ரோபோவின் தூரிகையில் இறுகச் சுற்றிக்கொள்ளும். கத்தரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். சாமி மாடத்தருகே சிந்தும் திருநீறும் ஊதுபத்திச் சாம்பலும் மிக நுண்ணிய பொடி. வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். சிந்திய குங்குமத்தின்மேல் ஈரத்துணி போனால் கூடம் முழுதும் சிவப்புக் கோடு. அரிசிமாவுக் கோலத்துக்கும் குப்பைக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. வரைபடம் போடும் கருவிகளில் ‘இங்கே போகாதே’ என்று பூஜையறையை அடைத்துவிடலாம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் உறவுக்காரர்கள் வந்து இறங்கி, கூடம் முழுதும் படுக்கை விரித்திருக்கும் நாட்களில் அதை அணைத்துவைப்பதே சரி. வாசல் தெளித்துக் கோலம் போடுவதோ, மாடிப்படியோ, தோட்டமோ அதன் எல்லைக்குள் வரவே வராது.

மணல், ஈரம், மின்சாரம்

கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கத்து வீடுகளுக்குக் கால்களோடு கடல்மணலும் வரும். மணல் கனமானது, சொரசொரப்பானது. அது சக்கர அச்சிலும் தூரிகையின் முனைகளிலும் புகுந்து தேய்க்கும். உப்புக் காற்று சார்ஜ் ஏற்றும் உலோக முனைகளில் படிந்து களிம்பு பிடிக்கவைக்கும். உலர்ந்த துணியால் அடிக்கடி துடைக்காவிட்டால் ஒருநாள் சார்ஜே ஏறாது. கடலோரத்து ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரை மாப்புத் தொட்டியில் ஊற்றினால் நுண்துளைகளில் உப்புக் கட்டும். அந்தத் தொட்டிக்கு நல்ல தண்ணீரே வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை. ஈரக் காலோடு வந்த களிமண்ணை உறிஞ்சினால் தூசிப்பெட்டிக்குள் அது சேறாகி ஒட்டும். வடிகட்டி பூசணம் பிடிக்கும். நனைந்த மாப்புத்துணி அந்த மாதங்களில் காயாது, நாற்றமெடுக்கும். மழைநாட்களில் தரை உலர்ந்தபின் மட்டுமே இதை ஓட்ட வேண்டும்.

மின்சாரச் செலவு பலர் அஞ்சுமளவுக்கு இல்லை. 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர் மணி என்பது பரவலான மின்கல அளவு. அதாவது சுமார் 75 வாட் மணி. தினமும் முழுதாகத் தீர்த்து முழுதாக ஏற்றினாலும் மாதத்துக்கு 3 யூனிட் அளவில்தான் வரும், தளம் சும்மா இருக்கும்போது இழுப்பது சிறிது கூடும். 1,200 வாட் சாதாரண வேக்குவம் கிளீனரை அரைமணி நேரம் ஓட்டினாலே 0.6 யூனிட் போய்விடும். சிக்கல் செலவில் இல்லை, தடையில் இருக்கிறது. தளத்துக்கு மின்சாரம் இல்லாவிட்டால் அது அனுப்பும் அழைப்பு நின்றுவிடும். பல கருவிகள் வீடுதெரியாமல் சுற்றி நடுக்கூடத்தில் அணைந்துபோகும்.

2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலுக்குப் பின் கடலூர் மாவட்டத்தின் பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2015 வெள்ளத்தையும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகியதையும் கடலூர்க்காரர்கள் மறக்கவில்லை. வீட்டுக்குள் வந்த வெள்ளம் வடிந்தபின் மிஞ்சும் சேற்றைத் தள்ள மண்வெட்டியும் தென்னந்துடைப்பமும் மனிதக் கைகளும் வேண்டும். ஆகவே இந்த மாவட்டத்தில் ரோபோ துடைப்பத்துக்குத் துணையாகலாம், மாற்றாக முடியாது. எச்சரிக்கை வந்ததும் தளத்தோடு சேர்த்து அதை உயரத்தில் தூக்கிவைப்பதும் புயல்கால ஆயத்தங்களில் ஒன்றாக வேண்டும்.

ஆய்வுகள் கண்டவை

இந்தக் கருவியோடு மனிதர் எப்படி வாழ்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்கள் பயனுள்ள சிலவற்றைக் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் கல்விநிலையத்தில் ஜா-யங் சங்கும் உடன் பணியாற்றியவர்களும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் ரோபோவுக்குப் பெயர் வைக்கிறார்கள், அதன் வசதிக்காக மேசை நாற்காலிகளையே நகர்த்திவைக்கிறார்கள் என்று காட்டியது. நமக்கு இது வியப்பில்லை. ஆயுத பூஜையில் தையல் இயந்திரத்துக்கும் மிதிவண்டிக்கும் பொட்டு வைக்கும் வீட்டில் இதற்கும் ஒரு பொட்டு கிடைக்கும்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜோடி ஃபோர்லிஸி சில குடும்பங்களுக்கு ரோபோவையும், வேறு சில குடும்பங்களுக்குக் கையால் தள்ளும் சாதாரண வேக்குவத்தையும் கொடுத்துப் பார்த்தார். சாதாரணக் கருவி வந்த வீடுகளில் பழைய பழக்கம் அப்படியே தொடர்ந்தது. ரோபோ வந்த வீடுகளில் ஆண்களும் பிள்ளைகளும் சுத்தம் செய்வதில் பங்கெடுக்கத் தொடங்கினார்கள். மறுபக்கம், சுவிட்சர்லாந்தில் ஜூலியா ஃபிங்கும் குழுவினரும் 9 வீடுகளை 6 மாதம் தொடர்ந்து கவனித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு, புதுமை மீதான ஆர்வம் தேய்ந்தபின் நடைமுறைப் பயனே கருவியை வீட்டில் நிலைக்கவைக்கிறது என்பதை உணர்த்தியது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு வாய்ப்பும் ஓர் எச்சரிக்கையும் கிடைக்கின்றன. வேலையைக் குடும்பம் முழுவதற்கும் பொதுவாக்கும் வாய்ப்பு இந்தக் கருவியில் இருக்கிறது. முதல் சில வாரங்களின் ஆர்வத்திலேயே அது கரைந்துபோகவும் கூடும்.

மிஞ்சும் நேரம் யாருக்கு?

இந்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள்; ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். 2019 கணக்கெடுப்பில் இது 299-க்கு 97. ஐந்தாண்டில் பெண்களின் சுமை 10 நிமிடம் குறைந்தபோது ஆண்களின் பங்கும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது. கருவிகள் பெருகிய காலத்திலும் இடைவெளி அப்படியே இருக்கிறது.

அமெரிக்க வரலாற்றாய்வாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் வெளியான தம் நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். வீட்டுக்கருவிகள் முதலில் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளை அகற்றின. சுத்தம் பற்றிய எதிர்பார்ப்பை உயர்த்தின. மிஞ்சிய எல்லாம் அம்மாவின் பொறுப்பாயின. வாரத்துக்கு ஒருமுறை துவைத்த துணி, இயந்திரம் வந்தபின் தினமும் துவைக்கப்படுவதை நாமும் பார்க்கிறோம்.

ஆனால் நம்மிடம் நம்பிக்கை தரும் அனுபவமும் உண்டு. தமிழக அரசு 2011-ல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபோது அம்மியும் ஆட்டுக்கல்லும் ஏழை வீடுகளிலிருந்தும் விடைபெற்றன. மாவாட்டும் உழைப்பைக் கிரைண்டர் முழுதாக வாங்கிக்கொண்டது. அரிசியைப் போட்டால் மாவு வந்தது, பாதியில் நிற்கவில்லை. ரோபோ வேக்குவம் அப்படி முழு வேலையையும் வாங்கிக்கொள்வதில்லை. அது ஓடுவதற்கு முன் செருப்பு, பாய், சார்ஜர் வயர், குழந்தையின் விளையாட்டுச் சாமான், குத்துவிளக்கு எல்லாவற்றையும் எடுத்துவைக்க வேண்டும். ஓடியபின் தூசிப்பெட்டியைக் கொட்டி, வடிகட்டியைத் தட்டி, தூரிகையில் சிக்கிய முடியை வெட்டி, மாப்புத்துணியை அலசி, மூலைகளை மறுபடி பெருக்க வேண்டும். செயலியில் அட்டவணை போடவும், வைஃபை மாறினால் மறுபடி இணைக்கவும் ஒருவர் வேண்டும். இந்தக் கருவிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும் என்பது தெரியாமல் பிள்ளைகளின் தொலைபேசி உதவிக்காக இரவுவரை காத்திருக்கும் பெற்றோர் இருப்பார்கள்.

இந்த முன்வேலையும் பின்வேலையும் பெருக்கிக்கொண்டிருந்த அதே பெண்ணிடம் போய்ச் சேர்ந்தால், அவருடைய முதுகு ஒரு வேலைக்கு வளைவதற்குப் பதில் இன்னொரு வேலைக்கு வளையும். கணவரும் மகனும் தரையை ஒழித்துத் தருவதையும் பெட்டியைக் கொட்டுவதையும் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டால் அவருக்கு உண்மையாகவே நேரம் மிஞ்சும். ஒரு வீடு இந்தக் கருவியை வாங்குவதற்கு முன் முடிவுசெய்ய வேண்டிய முதல் விஷயம் இதுதான். எந்த நிறுவனத்தின் மாடல் என்பது இரண்டாவது.

வேலைக்கு வருபவரின் கூலி

பெருக்கித் துடைக்க, பாத்திரம் துலக்க, துணி துவைக்க என்று வேலை வாரியாகவே வீட்டுவேலைக்கு வருபவரின் சம்பளம் பேசப்படுகிறது. ரோபோ வந்ததும் ‘பெருக்கித் துடைக்க’ என்ற பகுதியை வெட்டினால் அவருக்கு மாத வருமானத்தில் நேரடி இழப்பு. தமிழ்நாட்டில் வீட்டுவேலைத் தொழிலாளர் நலவாரியம் 2007-ல் அமைந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுத் தொழிலாளர் உரிமைக்கான 189-ஆம் உடன்படிக்கையை 2011-ல் நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. பேரம்பேசும் பலம் இல்லாத இவர்களுக்கு ஒரு கருவியின் வருகை பெரிய அடி.

கருவி வாங்கப் பல்லாயிரம் செலவிடும் வீடு, அந்தச் செலவை அவருடைய சம்பளத்திலிருந்து மீட்கப் பார்ப்பது நியாயமில்லை என்று உறுதியாக நம்புகிறேன். அதே சம்பளத்தில் அவர் குனியும் நேரம் குறையட்டும். மூலைகளும், படிக்கட்டும், ஜன்னல் கம்பிகளும், ரோபோவின் பராமரிப்பும் அவர் வேலையாக மாறலாம். ஆண்டுக்கணக்கில் உலர்ந்த துடைப்பம் கிளப்பும் தூசியைச் சுவாசித்தவர் அவர். கருவியின் நன்மை அவரிடமிருந்து தொடங்குவதே முறை.

வீட்டைப் பார்க்கும் கண்

கேமராவும் இணையமும் உள்ள கருவி வீட்டுக்குள் உலவுகிறது என்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐரோபாட் 2020-ல் சோதனைக்காக ஓட்டிய கருவிகள் எடுத்த அந்தரங்கப் படங்கள், கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படம் உட்பட, சமூக வலைத்தளங்களில் பகிரப்பட்டதை எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் 2022 டிசம்பரில் வெளிப்படுத்தியது. படங்களுக்குக் குறிப்பெழுதும் பணி ஒப்பந்தக்காரர்களுக்குப் போனபோது கசிந்தவை அவை. அவை சோதனைக் கருவிகள், பங்கேற்றவர்கள் ஒப்புதல் தந்தவர்கள் என்று நிறுவனம் விளக்கம் தந்தது. 2024 மே மாதம் அமெரிக்காவின் சில நகரங்களில் எக்கோவாக்ஸ் நிறுவனத்தின் கருவிகளுக்குள் ஊடுருவியவர்கள் அவற்றின் ஒலிபெருக்கி வழியாக வீட்டாரை வசைபாடினார்கள்.

இந்தியாவில் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. சட்டம் ஒருபுறம் இருக்க, வாங்குபவர் கையிலேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது: கேமரா இல்லாமல் லேசரால் மட்டும் வழிகாணும் மாடலைத் தேர்ந்தெடுக்கலாம். தனியாக வாழும் வயதானவர்களுக்கு அதுவே நல்லது.

நிறுவனத்தின் ஆயுளையும் யோசிக்க வேண்டும். அமெரிக்காவின் நீட்டோ நிறுவனம் 2023-ல் மூடப்பட்டது. அதன் இணையச் சேவையும் பின்னர் நிறுத்தப்பட்டதால் நன்றாக ஓடிய கருவிகள்கூட செயலியின் தொடர்பை இழந்தன. ரூம்பாவை வெளியிட்ட ஐரோபாட்டை வாங்க அமேசான் 2022-ல் செய்த ஒப்பந்தம் 2024 ஜனவரியில் கைவிடப்பட்டது. 2025 டிசம்பரில் ஐரோபாட் திவால் பாதுகாப்புக் கோரியது. ஆகவே இணையம் இல்லாதபோதும் பொத்தானை அழுத்தினால் ஓடுகிறதா, தூரிகையும் வடிகட்டியும் மின்கலமும் தனியே கிடைக்கின்றனவா, பழுதானால் கடலூரிலோ புதுச்சேரியிலோ பார்ப்பார்களா, சென்னைக்குக் கூரியரில் அனுப்ப வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்தபின்பே பணம் கட்ட வேண்டும். உழைத்து ஓய்ந்த லித்தியம் மின்கலத்தைக் குப்பையில் எறிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

எந்த வீட்டுக்கு, எந்த நிபந்தனையில்?

தரை ஒரே மட்டம், பொருட்கள் குறைவு, முதுகுவலியோ முழங்கால் வலியோ தூசி ஒவ்வாமையோ உள்ளவர்கள், செயலியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்று அமைந்த வீட்டுக்கு ரோபோ வேக்குவம் நல்ல துணை. தினமும் ஒரு முறை ஓடி, கட்டிலுக்கடியில் சேரும் புழுதியை எடுத்தாலே அது தன் விலைக்கு நியாயம் செய்துவிடும். நிலைப்படியும் முற்றமும் உள்ள பழைய வீட்டில் அதை வாங்குவதைவிட, நின்றபடி பெருக்கவும் துடைக்கவும் நீளக் கைப்பிடி கொண்ட துடைப்பமும் மாப்பும் சில நூறு ரூபாயில் அதிக நன்மை தரும். அதற்காக வீட்டின் நிலைப்படியை இடிக்க வேண்டியதில்லை. பெற்றோருக்கு வாங்கி அனுப்பும் பிள்ளைகள், ஊருக்கு வரும்போது தாங்களே வரைபடம் போட்டு, தடைப் பகுதிகளைக் குறித்து, தூசிப்பெட்டியைக் கொட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அட்டைப்பெட்டியோடு வந்திறங்கும் கருவி பெற்றோருக்குப் பரிசாக இராது, இன்னொரு கவலையாகிவிடும்.

வாங்கிய வீடுகள் சில மாதம் கழித்து ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். இதுவரை பெருக்கிக்கொண்டிருந்தவரிடம், அவர் அம்மாவோ மனைவியோ வேலைக்கு வரும் அக்காவோ, உங்களுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சியது, இடுப்புவலி குறைந்ததா என்று நேரே கேட்க வேண்டும். குறைந்தது என்று அவர் சொன்னால் கருவி தன் வேலையைச் செய்கிறது. இல்லை என்று சொன்னால், மாற வேண்டியது கருவி இல்லை. வீட்டில் வேலைகள் பங்கிடப்படும் விதம்தான் மாற வேண்டும். அந்தப் பங்கீட்டுக்குத் துடைப்பம் போதும், கருவி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.